மஞ்சள் தடவிய முதல் கோப்பு

ஸ்ரீவராகத்தில், மலையாளம் கலந்த தமிழ் பேசும் எங்கள் தெருவின் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. பல வருடங்களாக அதைக் கவனித்துவந்தவர் எதிர்வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகளின் ஜாதகங்களை வீட்டிலிருந்தபடியே அனுப்ப வசதி வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் எனக்கும் ஒரு லாகின் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இலவசமாகக் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டை சர்வரில் ஏற்றினேன். வந்துசேரும் கோப்புகளை வெளியார் பார்வைக்குப் படாத இடத்தில் வை, ஃபோல்டரின் பட்டியல் தெரியாமல் அடை என்றெல்லாம் அதன் குறிப்பில் இருந்தது. எனக்கோ ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் அது வேலையே செய்தது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்று சாயங்காலமே அவரிடம் காட்ட வேண்டுமே.

முதல் கோப்பு மங்களகரமாக இருக்கட்டும் என்று மகளின் ஜாதகத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஸ்கேன் செய்து ஏற்றினேன். அவளிடம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஆபீஸிலிருந்து வந்தவள் போனை என் முன்னால் வைத்தாள். மூலைகளில் மஞ்சள் கறை. நடுவில் அவள் பெயர், பிறந்த நேரம், வீட்டு முகவரி. கூட வேலை செய்பவர் ஏதோ தேடும்போது கூகுளில் கிடைத்ததாம்.

"ஆபீஸ்ல பாதிப் பேரும் கண்டாச்சு அப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?"

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாக அடிக்க, என் லாகின் பூட்டிக்கொண்டது. அவள் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். "மாமா, ஒண்ணு நோக்கணும்" என்பது என் ஜன்னல்வரை கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தேன்; அவர் திரையின் முன்னால் அவளும் குனிந்து நின்றாள். சின்ன வயதில் நான் கணக்குப் போட்டுக் காட்டும்போது என் நாற்காலிக்குப் பின்னால் அப்படித்தான் நிற்பாள். கோப்புகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அவருக்கு இது முடியாமல் போகட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

அரை மணியில் ஃபோல்டரை அடைத்து, பாஸ்வேர்டும் வைத்து முடித்துவிட்டார். கூகுளிலிருந்தும் நீக்கச் சொல்லி எழுதிப்போட்டாராம். வாசலில் வந்து, "ஸ்கிரிப்ட் கொள்ளாம் ஓய், நன்னாவே இருக்கு. கதவு வைக்கத்தான் மறந்துட்டீர்" என்றார். மகள் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஃபோல்டரின் புதிய பாஸ்வேர்டு அவள் யோசித்துப் போட்டது. அவருக்குத் தெரியும். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டு, என்னிடம் சொல்லலாமா என்று அவள் தயங்கினால் என்ன செய்வேன்?