முத்துவுக்கு வந்த பிரசாதம்

எங்கள் வீட்டுப் பூனை முத்துவுக்குச் சர்க்கரை நோய்.

அவித்த கோழி மட்டும்தான் சாப்பாடு. அது முடிந்ததும் பிடரியில் இன்சுலின். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்குள் என் கையில்தான் கூடுதலாக ரத்தம் வரும்.

இன்று காலை வெளியே சுற்றிவிட்டு வந்தது. நெற்றியில் மண் அப்பியிருந்தது. துடைத்துவிட்டு ரத்தம் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது.

குழப்பத்தோடு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு மல்லிகா அக்கா நின்றார்.

"முத்துக்கு எப்படி இருக்கும்மா?"

"கூடிட்டுக்கா. ஏன்னே தெரியல."

"கவலப்படாத. அதுக்கு சுகர் எறங்கணும்னு அஞ்சு வெள்ளிக்கெழம கோயிலுக்கு வாரேன்னு அம்மன்ட்ட நேந்திருக்கேன். இன்னிக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாமப் போயிட்டு வந்து, நெத்தில புத்துமண்ணு பூசி, பிரசாதமும் ஊட்டிவிட்டேன்."

என்ன பிரசாதம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"சர்க்கரப் பொங்கல்தான். நெய் மணத்துக்கு இலையையும் சேத்து நக்கிட்டு."

எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட யாரும் பட்டினி கிடந்ததில்லை. இவரிடம் எப்படிக் கோபப்படுவது?

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"கண்டதையும் எதுக்குக் கொடுக்கீங்க?" என்று அதட்டினார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"பிரசாதமா," என்றார் மெதுவாக. "அத வேண்டாம்னு எப்படிச் சொல்லுதது?"

முத்து இப்போது எதிர்வீட்டையே பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் நாலு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அம்மனும் அக்காவும் கோபித்துக்கொள்ளாத வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.