வெள்ளிக்கிழமைப் பயிற்சி

“ஏனம்மிணி, குட்டிக்கரணம் போடறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நம்மூட்டு ஆட்டுக்குட்டி எந்தக் கிளாசு படிச்சுது?”

எங்கள் ஊர் பெருமாட்டியில், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி என் பெரியப்பா இதைக் கேட்டார். சென்னையில் ஓராண்டு உடற்பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டு, பாலக்காட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர இருந்த வாரம் அது. களத்தில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

“செரி, கரணம் போடட்டும். அதுல ஒரு புள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னா, அவளுக்கு மாப்பள நீ பாத்துக் குடுப்பியா?”

எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்தே நானும் சுமந்துகொண்டு வந்திருந்தேன்.

அங்கே என்னோடு படித்த ஒருத்தி இணைகம்பிகளின் மேல் பயிற்சி செய்யும்போது வழுக்கினாள். விழும்போது உடம்பை விறைத்துக்கொண்டு கையை முன்னால் ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. மறுநாளே அவள் அண்ணன் வந்து டிரங்குப் பெட்டியோடு அழைத்துப் போய்விட்டார். “பயந்த பெண்” என்றார் எங்கள் ஆசிரியர். அவள் பயந்தவள் அல்ல. எங்கள் எல்லோரையும் விடத் துணிச்சல்காரி. ஏறுவதற்கு எங்களுக்கு நூறு பாடம் நடந்தது. விழுவதற்கு ஒன்றுகூட நடக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே என் வகுப்பில் முதல் இரண்டு மாதம் யாரும் எதன் மேலும் ஏறுவதில்லை. விழுவது மட்டுமே பாடம். சாக்குகளில் வைக்கோல் திணித்துப் பரப்பி வைப்பேன். முதலில் முட்டி போட்டபடி விழ வேண்டும், பிறகு நின்றபடி, பிறகு பெஞ்சிலிருந்து, கடைசியில் மேசையிலிருந்து. தாடை நெஞ்சில் படிய வேண்டும். கை முன்னால் போகக் கூடாது. தோள் முதலில் தரையைத் தொட, உடம்பு உருண்டு எழுந்து நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணுவேன், மூன்றில் விழுவார்கள்.

கல்பாத்திப் பக்கத்துக் கோயில் தெருவிலிருந்து வரும் ஒரு பெண் ஒருநாள் சொன்னாள்: “டீச்சர், நேத்திக்கு அம்மா, காலேஜ்ல என்னடி சொல்லிக்குடுத்தான்னு கேட்டா. விழறதுக்குன்னேன். அதுக்கு எதுக்குடி அத்தனை தூரம் போறே, நம்மாத்துக் கொல்லைல பாசி இருக்கேங்கறா!”

வைக்கோல் எங்கள் வயலிலிருந்து வந்தது. என் வேலையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும், நான் கேட்காமலே ஒரு வண்டி வைக்கோல் கல்லூரி வாசலுக்கு வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் நான் எதிர்பாராதது. மூன்றடுக்குக் கோபுரம்தான் எங்கள் கடைசி நிகழ்ச்சி. கீழே நான்கு பேர் முட்டியும் கையும் ஊன்றி நிற்பார்கள். அவர்கள் முதுகின் மேல் இரண்டு பேர். அந்த இருவரின் தோள்களில் ஆளுக்கொரு கால் வைத்து உச்சியில் ஒருத்தி. பாதி ஏறியதும் மேலே இருப்பவள் குனிந்து, தான் மிதித்தவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கால் பட்டுவிட்டதல்லவா! கோபுரம் ஆடிச் சரியும். “வேண்டாம், செய்யாதீர்கள்” என்று எத்தனை முறை சொன்னாலும் கை தானாகப் போயிற்று. கடைசியில் ஒரு விதி வைத்தேன்: ஏறுவதற்கு முன்பே, தரையில் நின்று, மிதிக்கப்போகும் தோளைத் தொட்டு ஒருமுறை ஒற்றிக்கொள்ளுங்கள், இறங்கி வரும்வரை அது போதும். அதற்குப் பிறகு ஒருத்தியும் நடுவில் குனியவில்லை.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜில்லா விழாவில் எங்கள் பெண்கள் கோப்பை வாங்கினார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் கோப்பை வந்த பிறகு என் பயம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்பே போய் மைதானத்தில் கல் பொறுக்குவேன். பொறுக்கிய இடத்திலேயே திரும்ப ஒருமுறை நடப்பேன். கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பேன். பெண்கள் மேலே நிற்கும்போது என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை மட்டும் எப்படியோ வெளியே வந்துவிடும்.

பிரின்சிபால் அம்மாள் கெட்டவர் அல்ல. அவர் மேசை இழுப்பறையில் பெற்றோர்களின் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அவற்றை எடுத்துக் காட்டினார்.

“இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. உங்க பிள்ளைங்க என்ன செய்யணுமோ செய்யட்டும். ஆனா அவங்க முன்னாடி ஒரு பிள்ளை விழுந்தாலும் சரி, அடுத்த டேர்ம்ல இருந்து மார்ச்சிங் மட்டும்தான். இதுக்கு மேல என்னால தாங்க முடியாது. அப்புறம் அந்த வைக்கோல் மூட்டை எல்லாம் அன்னைக்கு வேண்டாம். மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கு.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூட்டைகளுக்கும் சேர்த்து. அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நிகழ்ச்சி நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. மைதானத்தின் நீளம், வெயில் விழும் பக்கம், உடுப்புகளின் நாடா என்று எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவள் நான். ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் வெள்ளிக்கிழமை ஒரு நாள்கூட நாங்கள் பயிற்சி செய்ததில்லை. அன்று பெண்கள் ஈரத் தலையோடு தாமதமாக வருவார்கள் என்பதால் நான்தான் அந்த நாளை விட்டுவைத்திருந்தேன்.

மாலை நான்கு மணி. மற்ற நிகழ்ச்சிகள் நன்றாகவே முடிந்தன. கோபுரத்துக்காக ஏழு பேர் வந்து நின்றார்கள். உச்சியில் நிற்பவள் தேவிகுளத்துக்காரி. அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா. பெண் உருவத்தில் சின்னவள், வாய் பெரியது. விதிப்படி அவள் குனிந்து, நடு அடுக்கில் நிற்கப்போகும் கோயில் தெருப் பெண்ணின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளைச் சட்டையில் நான்கு விரல்களும் மஞ்சளாகப் பதிந்தன.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். நழுவியது.

விடுதியில் வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கொரு கரண்டி நல்லெண்ணெய் கொடுப்பார்கள். அன்று பெரிய நாள் என்பதால் இரண்டு கரண்டி. தலையிலிருந்து குதிகால் வரை தேய்த்து ஊற வைத்திருக்கிறார்கள். சீயக்காய் தலைக்கு மட்டும்தான் போயிருக்கிறது, உடம்புக்கு வெறும் மஞ்சள். கையும் காலும் அப்படியே பளபளத்தன. மற்ற ஆறு பேரும், வீட்டிலிருந்து வருகிறவர்கள் உட்பட, அதே மாதிரிதான். யாரைத் திட்டுவது? அன்று காலை நானும் எண்ணெய் தேய்த்துத்தான் குளித்திருந்தேன்.

ஒருத்தியை விடுதிச் சமையல்கட்டுக்கு ஓடவிட்டுச் சாம்பல் கொண்டு வரச் சொன்னேன். ஏழு பேரின் கைகளிலும் உள்ளங்கால்களிலும் நானே தேய்த்தேன். வைக்கோல் மூட்டைகள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன, சாவி வார்டனிடம். முன்வரிசையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரின்சிபால் அம்மாள் என்னைப் பார்த்தார்.

“உச்சி வேண்டாம். இரண்டு அடுக்கோட நிறுத்திக்கலாம்” என்றேன்.

“ஏன் டீச்சர்?” என்றாள் தேவிகுளத்துக்காரி. “நான் என்ன விழாதவளா? எங்க ஊர்ல மழைக்காலத்துல கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மூணு தடவ விழுவோம். நீங்க வேற ரெண்டு மாசம் சொல்லித் தந்திருக்கீங்க.”

“அது மூட்டை மேல. நான் எண்ணும்போது.”

“இப்பவும் எண்ணுங்க.”

கோயில் தெருப் பெண் திரும்பிப் பார்த்தாள். “ஏறுடீ. நான் அசையமாட்டேன். சட்டையைத்தான் பாழாக்கிட்டே, இனிமே என்ன?”

வேண்டாம் என்று நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பாடத்தில் எனக்கிருந்த நம்பிக்கையா, கோப்பைகள் கொடுத்த கர்வமா என்று பல முறை யோசித்துவிட்டேன். இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

அவள் ஏறும்போதுதான் எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் மூன்று என்று கேட்ட பிறகு விழுவதற்கு. எண்ணாமல் விழ யாரையும் நான் பழக்கியதே இல்லை.

அவள் உச்சியில் நிமிர்ந்தாள். கைகளை விரித்தாள். கைதட்டல் தொடங்கியது. அப்போது அவள் இடது கால், தோளின் மேல் மெல்ல, மிக மெல்ல நகர்வதைப் பார்த்தேன். வாய் திறந்தேன், குரல் வரவில்லை.

விழுந்தாள்.

முகம் முன்னால், ஓர் ஆள் உயரத்திலிருந்து, வெறும் கயிற்றுப் பாய் விரித்த மண் தரையில். தாடை நெஞ்சுக்குப் போனதைக் கண்டேன். கை நீளவில்லை. தோள் பட்டது, உருண்டாள், பாயைத் தாண்டிப் புழுதியில் எழுந்து நின்றாள். நடு அடுக்கில் நின்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் குதித்து விலகினார்கள். கீழே இருந்த நால்வரும் தலையைத் தூக்காமல் அப்படியே இருந்தார்கள். தூக்கினால் யார் மேலாவது இடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தேவிகுளத்துக்காரியின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். சாம்பல் கையால் அவள் சல்யூட் வைத்தாள். கைதட்டல் நிற்கவில்லை, முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் என்னை அழைத்தார். பிரின்சிபால் அம்மாள் பக்கத்திலேயே நின்றார்.

“கடைசியா அந்தப் பொண்ணு குதிச்சாளா, விழுந்தாளா?”

குதித்தாள் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பிரின்சிபால் அம்மாளின் முகத்தைப் பார்த்தால் அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் தேவிகுளத்துக்காரி சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விழுவது மறைக்க வேண்டிய காரியம் என்று நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

“விழுந்துட்டாளுங்க” என்றேன். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்காங்க. அதை நான் யோசிக்கலீங்க. தப்பு என்னோடது.”

அவர் தன் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டார். அவர் கார் போன பிறகு பிரின்சிபால் அம்மாள் சொன்னார்: “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, நல்லது. ஆனா நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். காலேஜ் கமிட்டிதான் முடிவு பண்ணணும். உத்தரவு எழுத்துல வரும்.”

இதை எழுதும் இன்றுவரை உத்தரவு வரவில்லை. பியூன் தபால் கட்டோடு தாழ்வாரத்தில் நடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் என் அறையைத் தாண்டிப் போகும்வரை கையில் இருக்கும் சாக்பீசை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

போன புதன்கிழமை அப்பாவின் வைக்கோல் வண்டி வந்தது. வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஏனுங்க அம்மிணி, உங்க பெரியப்பாரு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. ஆரோ ஒரு புள்ளை விழுந்துருச்சாமா. மாப்பள பாக்கோணுங்களான்னு கேக்கறாரு.”

“இடுப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க” என்றேன். “மூட்டையெல்லாம் அந்தக் கொட்டகையில எறக்கீருங்க.”

கொட்டகைச் சாவியை அன்றே வார்டனிடமிருந்து வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: இனி வெள்ளிக்கிழமை காலையிலும் பயிற்சி உண்டு. எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வர வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஈரத் தலையும் பளபளக்கும் காலுமாக. கோயில் தெருப் பெண் மட்டும் பழைய சட்டை போட்டு வந்திருந்தாள். நானும் எண்ணெய்க் குளியலோடுதான் போனேன். புது வைக்கோல் மூட்டைகளைப் பரப்பி, பெஞ்சை இழுத்துப் போட்டோம்.

“இன்னைக்கு எண்ணிக்கை கிடையாது” என்றேன். “பின்னாடியிருந்து ஒருத்தர் தள்ளுவாங்க. எப்போன்னு சொல்லமாட்டாங்க.”

“முதல்ல யார் டீச்சர்?” என்று கேட்டாள் தேவிகுளத்துக்காரி.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினேன். சென்னையை விட்டு வந்த பிறகு நான் ஒருமுறைகூட விழுந்து பார்த்ததில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “நீ வந்து தள்ளு” என்றேன்.