ஆறு வீட்டுத் தீவில் கை நனைத்தோம்

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை அது. அக்கா மகனுக்குப் பெண் பார்ப்பதற்காக, அக்காவும் மருமகனும் தாய்மாமனான நானும் எங்கள் ஊரான டயகமவிலிருந்து புறப்பட்டு, ஹட்டனுக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்துக்குப் போனோம்.

அங்கே புதிதாக நீர்த்தேக்கம் கட்டியதில் பள்ளத்துத் தேயிலையெல்லாம் தண்ணீருக்குள் போய், ஒரு மேடு மட்டும் தீவாக மிஞ்சியிருந்தது. அதில் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளாக ஒரே லயம், ஆறு வீடுகள். டயகமவைப் போல நடுக்கும் குளிர் இல்லை, இதமான காற்று. ஞாயிறுதோறும் ஹட்டனிலிருந்து ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்து, மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் படகில்தான் போக்குவரத்து.

பெண்ணை மருமகனுக்குப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அக்காதான் என் காதருகே, "தண்ணிக்கு நடுவுல சம்பந்தம் வச்சுக்கிட்டு, நல்லது கெட்டதுக்கு நீந்தியா வர்றது? சொல்லி அனுப்புறோம்னுட்டுக் கிளம்பு" என்றார்.

முடிவாகும் முன் பெண் வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கமில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தேநீரோடு நிறுத்திக்கொண்டு எழுந்தோம். வெளியே வந்தால், பனிமூட்டம் இறங்கித் தண்ணீரே தெரியவில்லை. படகோட்டி பெண்ணின் சித்தப்பா. "பனி விலகாம எடுக்க மாட்டேங்க" என்று துடுப்பைக் கூரையில் செருகிவிட்டார்.

மதியம் தாண்டியது. மீன் குழம்பு வாசனை லயம் முழுக்கப் பரவியிருந்தது. சுற்றிப் பார்க்க வந்து எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஹட்டன் கடைக்காரர் குடும்பம், வாசலில் வரிசையாக உட்கார்ந்து மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலாவது சாப்பிடலாமா என்று விசாரித்தேன். ஒன்று மாமா வீடு, ஒன்று பெரியம்மா வீடு. ஆறு வீட்டிலும் பெண்ணின் சொந்தபந்தம்தான். அக்கா முந்தானையை வயிற்றில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணே சோற்றுத் தட்டோடு வந்து அக்கா முன் நின்றாள்.

"சாப்பிடுங்கம்மா. வாரா வாரம் வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுறோம். எல்லாருக்குமா பொண்ணு குடுத்துட்டோம்?"

உள்ளே அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரருக்குப் புரையேறியது. அக்கா முதலில் முறைத்தார்.

"வேணாம்னு சொல்லிட்டுப் போனாலும் போடுவியா?"

"போடுவேன். பசிக்குதுல்ல?"

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுத் தட்டை வாங்கினார். நாங்களும் உட்கார்ந்தோம். யாரும் கூச்சப்பட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடவில்லை. கை கழுவிய பிறகு அக்கா பெண்ணின் அம்மாவிடம் போய், "நான் கை நனைச்சாச்சு. எங்க வழக்கத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான்" என்றார். மருமகன் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது.

பனி விலகியதும் படகேறினோம். "நல்லது கெட்டதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீந்திக்கிறேன்" என்றார் அக்கா.

மறுத்துவிட்டுப் போனாலும் சோறு உண்டு என்று சொன்ன அந்த வீட்டை எங்களால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, என் வாசலுக்கு வருகிறவரிடம் என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.