மூன்றாவது நிருபர்

கடலைப் பற்றிய ஒரு கல்வித் தொடருக்கு, கடலையே பார்க்காத பிள்ளைகள் மூன்று பேர் வேண்டும் என்று என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். பதின்ம வயதாக இருக்க வேண்டும். கேமரா முன்னால் நின்று நண்டையும் பவளத்தையும் ஆமையையும் பற்றி நிருபர் மாதிரிப் பேச வேண்டும். முதல்முறை கடலைப் பார்க்கிற முகத்தில் வரும் ஆச்சரியம் நடித்து வராது என்பது இயக்குநரின் கட்சி. நல்ல யோசனைதான். அந்த முகத்தைத் தேடி ஊர் ஊராக அலையப்போவது அவர் இல்லையே.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை போட்டேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். தனியாக வந்து தங்குகிற பெண் என்பதால் வரவேற்பில் இருந்தவர் என் ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் பார்சல் வாங்கி வந்து, அன்று எடுத்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சென்னையில் என் வீட்டிலும் இதே கதைதான். பார்சல் பையில் கடையின் பெயர்தான் வேறு. அம்மா போன பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. இதைச் சொல்லி அனுதாபம் வாங்குகிற ரகம் இல்லை நான். ஆனாலும் தனிமை தனிமைதான், வலித்தது.

பள்ளிக்கூடங்களில் என்னிடம் அனுப்பியதெல்லாம் பேச்சுப்போட்டியில் கப்பு வாங்கிய பிள்ளைகளைத்தான். கேமராவைப் பார்த்ததும் விறைத்து நின்று, “அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவையில் இருந்தது நானும் ஒரு மூன்றுகால் ஸ்டாண்டும்தான். திருக்கோவிலூரில் ஒரு பெண் “கடலன்னையே!” என்று கையை வீசிய வேகத்தில் அந்த ஸ்டாண்டும் சாய்ந்துவிட்டது. கடைசியில் அவளையே கொஞ்சம் அடக்கி எடுத்துக்கொண்டேன். தியாகதுருகத்தில் ஒரு கோரைப்பாய்க் கடைப் பையன் கிடைத்தான். கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் பேசிப் பேசி வாய் பழகியவன். மூன்றாவது ஆள்தான் சிக்கவில்லை. படப்பிடிப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஆபீசிலிருந்து காலையும் மாலையும் போன்.

வெள்ளிமலைக்குப் போனது அப்படித்தான். வளைவுக்கு வளைவு ஆளைச் சாய்த்த பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, எல்லா ஊரிலும் சொன்னதையே சொன்னேன்.

“கேமராவுக்குப் பின்னால கூட்டம் இல்ல. ஒரே ஒரு ஆள்தான். உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள். அவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு அவையோரை வணங்கினார்கள். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தன் முறை வந்ததும், “யாரா வேணா இருக்கலாமாங்க மேடம்?” என்று கேட்டாள்.

“யாரா வேணும்னாலும்.”

அவள் லென்ஸைப் பார்த்தாள். தோள் இரண்டும் தளர்ந்தன.

“நல்லா கீறேன். சாப்ட்டேன். தம்பியும் சாப்ட்டான். இங்க மழ வுட்டுடுச்சி. ஓடையில தண்ணி ஜாஸ்தியா போய்க்கினு இருக்குது, கல்ல பொரட்னா நண்டு. இந்த மேடம் கடல் நண்டு படம் காட்னாங்க. நம்ம நண்டு மாதிரிதான் கீது, பின்னங்காலு மட்டும் தட்டையா, கரண்டியாட்டம். அங்க தண்ணி ஓயாம ஆடிக்கினே இருக்குமாம், நீந்தறதுக்குத்தான் போல.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ சாப்ட்டியா?”

கேட்டுவிட்டு, பதில் வரப்போகிற மாதிரி லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்துகிற பட்டனை அமுக்க மறந்து நானும் நின்றேன்.

விசாரித்தபோது சொன்னாள். அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறார்கள். இவளும் தம்பியும் பெரியம்மா வீட்டில். அங்கே சிக்னல் கிடையாது. அதனால் போனில் வீடியோ எடுத்து வைத்து, பள்ளிக்கு வருகிற வழியில் ஒரு மேட்டில் ஏறி நின்று அம்மாவுக்கு அனுப்புவாள். அம்மாவின் பதிலும் அந்த மேட்டில்தான் வந்து இறங்கும்.

“மொதல்ல நல்லா கீறேன், சாப்ட்டேன்னு சொல்லிடணுங்க. இல்லன்னா இன்னாவோ ஏதோன்னு அம்மா பயந்துக்கும். அப்புறம் நாம சொல்றது எதுவும் அது காதுல ஏறாது.”

மாதக்கணக்கில் லென்ஸோடு பேசியே அம்மாவோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு நான் போய் என்ன சொல்லிக்கொடுப்பது!

அன்று சாயங்காலம் லாட்ஜில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு தடவை அவள் “நீ சாப்ட்டியா?” என்றபோது, வாயில் பரோட்டாவோடு நான் தலையாட்டியிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அறை ரொம்ப அமைதியாக இருந்தது.

ஆபீசிலும் பிடித்துப்போயிற்று. “அந்தச் சாப்பாட்டுக் கதையை மட்டும் எடிட்டில் வெட்டிவிடலாம்” என்றார்கள். பெரியம்மாவும் சரி என்றுவிட்டார். அந்தப் பெண் கடலைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வேலையைத் தாண்டிய ஆசையாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால், அதில் என் சுயநலமும் இருந்தது. கடற்கரை ஊர்களில் பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தான். வேனில் என் பக்கத்து இருக்கையில் அவள் உட்காருவாள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு ஒத்திகை எடுக்க அவளுடைய பெரியம்மா வீட்டுக்கே போனேன். வாசலில் புதிதாக ஒரு அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் ஆடுவதற்கு ஏற்றபடி இவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். யார் என்று கேட்கவே தேவையில்லை. அப்படியே இவள் முகம்.

கேமராவை வைத்தேன். அம்மா எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நல்லா...” என்று ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி சிரிப்பு. மூன்றாம் தடவை சிரிப்பு வரவில்லை, பேச்சும் வரவில்லை.

“அம்மா இங்கதான கீது. இன்னான்னு சொல்றது?”

“வேற யாரையாவது நெனச்சிக்கோ.”

“வேற யாருங்க?” என்று உண்மையாகவே யோசித்தாள். என்னிடம் சொல் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அம்மாதான் விவரம் சொன்னார். ஒரு வாரம் இருந்துவிட்டு மறுபடி மிளகுக்குப் போக வேண்டும். எங்கள் படப்பிடிப்பும் அதே வாரம். தேதியை மாற்ற ஆபீசில் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

“போய்ட்டு வாயேண்டி. கடல பாக்கறதுன்னா சும்மாவா? யாருக்குக் கெடைக்கும்?” என்றார் மகளிடம்.

“கடல் எங்க பூடப்போவுது? நீதான் பூடுவ.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்காலம், படிப்பு, டிவியில் முகம் வரும் என்று நான் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்த பேச்சுக்கு இனி வேலை இல்லை. ஸ்டாண்டின் கால்களை மடித்தேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்காக இல்லை.

“நீங்க சாப்ட்டீங்களா?” என்று அம்மா கேட்டார்.

அதே குரல், கடைசி எழுத்தில் அதே இழுப்பு. இவரிடமிருந்துதான் அவளுக்கு வந்திருக்கிறது. யார் கேட்டாலும் ஆச்சுங்க என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் என் வழக்கம்.

“இல்லீங்க” என்றேன்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி அவள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அலமாரியில் கிடந்தது.

மூன்றாவது நிருபராக, அவையோரை வணங்கிய பையன்களில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனோம். கடலைப் பார்த்ததும் அவனும் வாயைப் பிளந்தான். தொடர் நன்றாகவே வந்தது. பயன்படுத்தாத வீடியோக்களை அழித்துவிடச் சொன்னார்கள், அழித்தேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் முடியவில்லை.

சில மத்தியானங்களில் அதைப் போட்டுப் பார்ப்பேன். நீ சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்காக நிற்பாள். அதனால் சாப்பிட்டுவிட்டுத்தான் அதைப் போடுவது. அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.