செவலைக்குக் கிழக்கே கிடைத்த பேர்

அன்புப் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று சொந்தபந்தங்கள் சொல்லிவிட்டார்கள். நான் அதிகம் படித்தவன் அல்ல. கூடப் பிறந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வெளியூரில் படித்த உங்களுக்கு அவர் குதிரைக்காரர் என்பது தெரியும். கடைசிக் காலத்தில் அவர் ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பது தெரியாது.

பெரியப்பா ராசிங்காபுரத்தில் பிறந்தார். எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்ததும் உங்கள் அத்தைக்குக் கல்யாணம் முடித்ததும் அந்த வேலையில்தான். ஏலச்செடிக்கு மருந்தடிக்கும்போது முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார். அவ்வளவுதான் பாதுகாப்பு. நெஞ்சு கெட்டு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் நிலையில் மலையை விட்டு இறங்கினார்.

அதன் பிறகுதான் செவலை வந்தது. செங்கல் வண்டியில் அடிபட்டுக் கொண்டிருந்த செந்நிறக் குதிரைக்குட்டியை வாங்கி வந்து, தன் கஞ்சியைப் பாதி குறைத்து அதற்குக் கொள்ளு வைத்தார். மலையடி மண்பாதையில் பழக்கினார். தேவாரம் ஊரில் நடந்த குதிரைவண்டிப் பந்தயத்தில் முதலில் வந்தது. அடுத்தடுத்த ஊர்களிலும் அதை முந்த வண்டி இல்லை. பெட்டைக் குதிரைகளை இணை சேர்க்க வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். எவர் வந்தாலும் முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் குதிரையை அவிழ்ப்பார். இல்லாதவரிடம் எதுவும் வாங்க மாட்டார்.

பிள்ளைகளே, இணை சேர்க்கும் பொலிக்குதிரைக்குச் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். ஆனால் மதிப்பு அதில் இல்லை. எந்த ஊர்ப் பந்தயத்தில் ஜெயித்தது என்பதில்தான் இருக்கிறது. மைக்கில் பேர் சொன்ன ஊர்களில் அதற்கு ராஜ மரியாதை. அந்தப் பக்கம் தாண்டினால் அது வெறும் குதிரை.

மதுரைக்குக் கிழக்கேயிருந்து ஒருவர் பெட்டைக் குதிரையோடு வந்தார். செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குதிரை குத்தம் சொல்ல முடியாதுண்ணே. ஆனா எங்க சீமையில இது ஓடி யாரு பாத்தா? நாளைக்குக் குட்டியைக் காட்டி செவலை வாரிசுன்னா, எந்தச் செவலைன்னு கேப்பாய்ங்க."

இறக்கிய குதிரையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கிழக்கே ஒரு பந்தயத்தில் இறக்கியே தீருவேன் என்றார்.

"பொலிக்கு விட்டதைத் திரும்ப வண்டியில பூட்டாதீக. ஊரான் மெச்சணும்னு வாயில்லாச் சீவனை வதைக்கணுமா?" என்றார் உங்கள் பெரியம்மா.

"ஒரே ஒரு ஓட்டம், புள்ள. பேரு அங்கிட்டும் விழுந்துட்டாப் போதும்."

அங்கே பந்தயம் தார்ச்சாலையில். மண்ணில் ஓடிப் பழகிய குளம்பு. எல்லை சுற்றித் திரும்பும் வரை செவலைதான் முன்னால். பிறகு முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நொண்டியது. விரட்டியிருந்தால் ஓடியிருக்கும், கால் போயிருக்கும். பெரியப்பா கடிவாளத்தை இழுத்து ஓரங்கட்டி, இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "மலையடிக் குதிரை, மலைக்கே ஓட்டிட்டுப் போங்கப்பா!"

அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. கால் சரியாகியும், நம் பக்கத்து ஆட்களே பெட்டைக் குதிரை கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார்கள். கிழக்கே தோற்ற குதிரை என்று ஆகிவிட்டது. பொலிக்குப் பழகிய செவலை சும்மா நிற்க மாட்டாமல் கட்டுத்தறியைப் பெயர்த்தது, தெருவில் ஒருவரைக் கடித்தது. வேறு வழியில்லாமல் காயடித்தார்கள். அன்று பெரியப்பா சாப்பிடவில்லை.

அதன் பின் அது சாதுவாக விறகு லோடு இழுத்தது. இப்படிச் சில வருஷம் போன பிறகு ஒரு நாள் அதே கிழக்கத்திக்காரர் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, அன்னைக்குத் தெரியாமப் பேசிட்டேன். தேவாரத்துக்காரர் ஒருத்தர் எங்க பக்கம் வித்த குட்டி செவலைக்குப் பொறந்ததாமே? அதை முந்த இப்ப எங்க சீமையில குதிரை இல்ல. நாலு பேரு கேட்டு விட்டிருக்காக. செவலையைக் காட்டுங்கண்ணே."

பெரியப்பா கொட்டகைக்குக் கூட்டிப் போனார். வந்தவர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"காயடிச்சிட்டீகளா?"

"ஆமாப்பு. நீ வெரசா வந்திருக்கணும். வா, சாப்பிடு."

அதன் பிறகும் ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பினார். ஒவ்வொருவர் போன பிறகும் கொட்டகையில் போய் உட்கார்ந்திருப்பார். மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே வந்து, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் என் மடியில் உயிர் பிரிந்தது.

அவரைத் தூக்க ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கூலி வாங்க மறுத்த ஜீப் டிரைவர் தம்பிக்கும், காரியத்துக்கு மலையிலிருந்து சோலியை விட்டு இறங்கிவந்த தோட்டத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. விவரம் தெரியாமல் பெட்டைக் குதிரையோடு வந்து, துக்க வீடு என்று அறிந்ததும் கடைசி வரை நின்று பந்தியும் பரிமாறிய, முன்பின் அறிமுகமில்லாத ஒரு வெளியூர்க்காரருக்கும் நன்றி.

அவர் எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கொட்டகையின் ரோட்டோரச் சுவரில், நல்ல காலத்தில் பெரியப்பா எழுதி வைத்தது அப்படியே இருந்தது: மேலே 'செவலை', கீழே 'இங்கு பொலிக்குதிரை உண்டு.'

எல்லோரும் கிளம்பிய மறுநாள், வாளியில் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கீழ் வரியை மட்டும் பூசி மறைத்துவிட்டு வந்தேன்.