வெளியே தொங்கிய பூட்டு

அந்தப் பூட்டு இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. பெரிய கொய்யாப்பழம் அளவு இருக்கும். இரும்பு, ஓரமெல்லாம் துரு. ஐம்பதுகளில் திருவள்ளூரில் நான் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில், எங்கள் பெண்கள் விடுதியின் ஒரே வாசலில் அது வெளிப்பக்கமாகத் தொங்கும். பொழுது சாய்ந்ததும் வார்டனம்மா எங்கள் இருபது பேரையும் உள்ளே விட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். நான் அதைப் பற்றி முணுமுணுத்ததே இல்லை. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த வாப்பா என்னைப் படிக்க அனுப்பியதே அந்தப் பூட்டை நம்பித்தான். சேர்க்க வந்த அன்று அவர் வகுப்பறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது இருக்குற வரைக்கும் நீ படி" என்றார்.

வார்டனம்மா கண்டிப்பானவர். நாங்கள் சிரித்தால்கூட எதற்கென்று விசாரிப்பார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை பிரதோஷம். அன்று மட்டும் சீக்கிரமே எங்களைப் பூட்டிவிட்டுத் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய்விடுவார். சாவியும் கூடவே சாமி கும்பிடப் போகும். அப்படி ஒரு மாலையில் விளக்கு சாய்ந்து பாயில் தீப்பிடித்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். குடிதண்ணீர்ப் பானைகளைக் கவிழ்த்து நாங்களே ஒருவழியாக அணைத்தோம். அவர் திரும்பி வந்து திறந்தபோது முகமெல்லாம் கரியோடு இருமிக்கொண்டு நின்றோம். ஒவ்வொருத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

நிர்வாகம் விஷயத்தை அமுக்கிவிட்டது. நானும் வீட்டுக்கு எழுதவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் மாணவர் விடுதிகளுக்கு ஒரு சட்டம் வேண்டுமென்று சட்டசபையில் பேச்சு எழுந்தது. எங்கள் பகுதி எம்.எல்.ஏ. விடுதியை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். விடுதிச் செயலாளர் முந்திக்கொண்டு, பூட்டே நல்லது என்று சொல்லக்கூடிய பெற்றோர் நாலைந்து பேரை வரவழைத்தார். வாப்பா முதல் ஆளாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பூட்டு போனால் என் படிப்பும் போகும்.

"எங்க ஊட்லகூட இந்தக் காவல் கெடையாதுங்க" என்று வாப்பா எம்.எல்.ஏ.விடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற வார்டனம்மா வெளியே வந்தார். வராந்தாவில் இருந்த எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கூடத்தில் இருந்தவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

சித்திரை மாதத்து மத்தியானம் அது. உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தட்டினார்கள். வேலை போய்விடும் என்று செயலாளர் கத்தினார். வார்டனம்மா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாப்பாவின் குரல் வந்தது.

"தொறங்கம்மா, மூச்சு முட்டுது."

"சாவி கோயிலுக்குப் போயிருக்குதுங்க பாய்" என்றார் வார்டனம்மா. "அன்னிக்கு உள்ள தீ புடிச்சப்போ உங்க பொண்ணும் இப்படித்தான் கத்திக்கினு இருந்தா. பூட்டிக்கினு போன பாவி நான்தான்."

அவர் பூட்டைத் திறந்தார். எம்.எல்.ஏ. முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார். வாப்பா நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவரோ கடைத்தெருப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் காகிதம் சுற்றிய இரும்புத் தாழ்ப்பாள்.

"இத உள்பக்கமா போடச் சொல்லுங்கம்மா. எம்பொண்ணு படிக்கட்டும்."

வார்டனம்மாவின் வேலை போகவில்லை. எம்.எல்.ஏ.வின் நோட்டில் வார்டனம்மா பேரும் ஏறிவிட்டதால் அவரை நீக்கச் செயலாளருக்குத் துணிச்சல் வரவில்லை என்பார்கள். சட்டம் நத்தை மாதிரி ஊர்ந்துதான் வந்தது. அதற்குள் நான் டீச்சராகிவிட்டேன். பிள்ளைகள் உள்ளே இருக்கையில் வெளியிலிருந்து பூட்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

சமீபத்தில் பேத்தியைப் புதுவாயல் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் சேர்க்கப் போயிருந்தேன். அங்கிருந்தவர் கேமராவைக் காட்டினார், வாட்ச்மேனைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு தாழ்ப்பாளை நீக்கினேன். உள்ளேயிருந்து சுலபமாகத் திறந்தது.

"இது இருக்குற வரைக்கும் நீ படி" என்றேன்.