கிரைப் வாட்டர் சீசா

திருவொற்றியூரில் தொழிலாளர் மருந்தகம் திறந்த புதிதில் நான் அங்கே கம்பவுண்டர். ஆலையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் ஒரு தொகை பிடித்துக்கொண்டு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அட்டையில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான் மருந்து. மனைவிக்கு இல்லை, குழந்தைக்கு இல்லை. குடும்பங்களைப் பிறகு சேர்ப்போம் என்று சுற்றறிக்கை சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை.

மருந்துக்குச் சீசாவை நோயாளியே கொண்டுவர வேண்டும். சுத்தமாக இருக்கிறதா, மூடி உண்டா, எத்தனை அவுன்ஸ் பிடிக்கும் என்று பார்த்து வாங்குவேன். மருந்தை ஊற்றியதும், வேளைக்கு ஒரு வெட்டு வைத்துக் கத்தரித்த காகிதப் பட்டையைச் சீசாவின் பக்கத்தில் ஒட்டுவேன். ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை. எழுத்தறியாதவர்களுக்கும் புரியும். எல்லா வெட்டும் வளர்ந்த ஆளின் அளவு.

ஒரு மழைநாள் காலையில், வார்ப்பாலைத் தொழிலாளி ஒருவர் டாக்டரிடம் தனக்குப் பேதி என்று சொல்லிச் சீட்டு வாங்கிவந்து நீட்டினார். அபின் சேர்ந்த மிக்சர். ஊற்றி, பட்டையும் ஒட்டிவிட்டேன். அப்புறம்தான் ஆளைச் சரியாகப் பார்த்தேன். கண் குழியவில்லை, உதடு வறளவில்லை, சுவரில் சாயவும் இல்லை. என் கையில் இருந்தது கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டர் சீசா.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நேத்திலேந்து போய்க்கினே கீதும்மா. பால் குடுத்தா கக்கிடுது."

வரிசையில் பின்னால் நின்றவர் விடவில்லை. "இன்னா நைனா, இந்த வயசுலயும் பாலா குட்சிக்கினு கீற?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சீசாவை உள்ளே இழுத்துக்கொண்டேன். அபின் கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடும்.

அவர் ஜன்னலருகே குனிந்தார். "ஒரு வெட்டுல கால் பங்குதாம்மா குடுப்பேன். பக்கத்து வூட்லயும் இப்டித்தான் குடுத்தாங்க. புள்ள நல்லா தூங்கிச்சாம்."

டாக்டரிடம் ஓடினேன். கெட்டவர் இல்லை, உடனே சீட்டை அடித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் வரியே அட்டை எண். அட்டை இல்லாத குழந்தைக்கு நான் எதை எழுத என்று கேட்டார்.

பட்டைக் காகிதத்தின் பின்புறத்தில், அவரைக் கேட்டு நானே எழுதினேன்: பெண் குழந்தை, பத்து மாதம், நேற்றிலிருந்து பேதி, வாந்தி, அபின் கொடுக்கப்படவில்லை. இப்போதே ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள், அதுவரை கொதித்து ஆறிய தண்ணீரில் துளி உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள் என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"சம்பளத்துல புடிக்க சொல்லோ மொத்த வூட்டுக்கும் சேத்துதானே புடிக்கிறாங்க. மருந்துன்னா நான் மட்டும் தனியாளா?"

சீக்கிரம் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். வரிசையில் சிரித்தவர்களே விலகி அவருக்கு வழி விட்டார்கள்.

நான்காம் நாள் வந்தார். குழந்தை பிழைத்துவிட்டது; சீசாவை வாங்கிப் போக வந்திருந்தார். கழுவி வைத்திருந்ததைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அன்று மருந்தகத்தைச் சாத்திய பிறகு பழைய பதிவேட்டை எடுத்து, பேதி என்று எழுதிய இடங்களில் விரலை ஓட்டினேன். ஆண், முப்பத்திரண்டு. ஆண், நாற்பது. ஆண், இருபத்தெட்டு. அத்தனையும் என் கையெழுத்து. பெயர், அட்டை எண், மருந்து, அளவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எவரெவர் கிரைப் வாட்டர் சீசா கொண்டுவந்தார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை; எனக்கும் நினைவில் இல்லை.